வெளி நேரம் பதினொரு நிமிடம்

திருச்சி விமான நிலையத்தில் சுருக்கு வழிக்குப் போகிற வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. அதில் மூன்று வரி. திருச்சி – சிங்கப்பூர் தூரம் 2,990 கிலோமீட்டர். வெளி நேரம் 11 நிமிடம். உள் நேரம் 26 மணி.

ஒன்பது வருடமாக வாரத்தில் ஆறு நாள் அந்தப் பலகைக்குக் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வரியைத்தான் எல்லோரும் படிப்பார்கள். மூன்றாவது சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். நானும் போட்டேன்.

என் பெயர் சவரிநாதன். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் எனக்கு வயது முப்பத்தெட்டு. உடம்பில் ஐம்பத்துநான்கு. நடுவில் இருக்கும் பதினாறு வருடம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், ஆறடிக்கு நாலடி அறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் பதில்.

சுருக்கு வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூர் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். பெட்டியோடு வந்து இறங்கும் ஆளைப் பார்த்து அவர் பெற்ற பிள்ளையே வீரிட்டு அழும். அந்த அழுகை நின்று பிள்ளை மடியில் ஏறுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். என் மகள் ரோஷினி பிறந்து நாற்பதாம் நாள் சுருக்கு திறந்தார்கள். காலை ஐந்தரைக்கு ஏறினால் வேலைக்குப் போய்விட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விடும் நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்கலாம். வேலை சிங்கப்பூரில், சோறு வீட்டில். எவன் விடுவான்?

முதல் நாள் எங்கள் இருபது பேரை உட்கார வைத்து சுருக்கை நடத்தும் நிறுவனத்து அம்மாள் ஒருத்தி விளக்கினாள்.

"வெளிய நேரத்தைச் சுருக்கினா அது உள்ள நீளும். காணாமப் போகாது. நீங்கதான் அதை வாழ்ந்து கழிக்கணும்."

"தூங்கிட்டே போயிடலாமே மேடம்?" என்றேன்.

"ராத்திரி வீட்ல தூங்குற மாதிரித் தூங்கிக்கலாம். மிச்ச நேரம் முழிச்சுத்தான் இருக்கணும். மயக்க மருந்து கொடுத்துப் பாத்தாங்க, உடம்பு தாங்கல."

"பக்கத்து ஆளோட பேசிக்கிட்டாவது போகலாமா?"

"ஒவ்வொரு அறையிலயும் நேரம் ஒரு சீரா இல்லாம முன்னபின்ன ஓடும். அவர் உங்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பிச்சார்னு வைங்க, நீங்க ரெண்டு வேளை சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அது முடியும். அதனாலதான் ஆளுக்கு ஒரு அறை."

நாங்கள் சிரித்தோம். அறைக்குள் ஒரு கட்டில், ஒரு கழிப்பறை, நான்கு சாப்பாட்டுப் பொட்டலம், அணைக்க முடியாத ஒரு விளக்கு. போக இருபத்தாறு மணி, வர இருபத்தாறு மணி. ஊருக்கு ஒரு நாள் போனால் எனக்கு மூன்று நாள் போகும். இதையெல்லாம் அன்றே கூட்டிப் பார்த்திருக்கலாம். பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கூட்டல் கழித்தலில் மனசு போகவில்லை.

வயசாவதைவிட முதலில் என்னை வாட்டியது மறதி. காலையில் ரோஷினி, "அப்பா, வரும்போது நீல கலர் சார்ட் வாங்கிட்டு வாங்க" என்பாள். அவளுக்கு அது காலையில் சொன்னது. எனக்கு மூன்று நாள் முன்னால் யாரோ சொன்னது. வெறும் கையோடு வந்து நிற்பேன். அவள் உதட்டைப் பிதுக்குவாள். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டில் கடைசியாக யார் என்ன சொன்னார்கள் என்று அறைக்குள் போனதும் முதல் வேலையாக எழுதிவிடுவேன். திரும்பி இறங்கும்போது அதைப் படித்துக்கொண்டே ஆட்டோ ஏறுவேன். சொந்த வீட்டுக்குப் பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சண்டை வந்தால் இன்னும் மோசம். ஒருநாள் காலையில் செலின், "உங்க தங்கச்சி வீடுன்னா மட்டும் கால் தரையில படாம ஓடுவீங்க" என்று ஒரு வார்த்தை விட்டாள். செலின் என் மனைவி. நாக்கு கொஞ்சம் நீளம். போகும்போது இருபத்தாறு மணியும் அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது பதில் தயார் செய்தேன். வரும்போது இருபத்தாறு மணியும் யோசித்து, அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, மனசு இளகி, அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் காலையில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "அல்வா கொடுத்தா ஆச்சா?" என்றாள். எனக்கு ஆறிப்போனது அவளுக்கு இன்னும் சூடாக இருந்தது. சேர்ந்து கோபப்பட்டு, சேர்ந்து சமாதானமாக எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அறைக்குள் ஒன்பதாவது மணிக்கு மேல் சொந்த மூச்சு கேட்க ஆரம்பிக்கும். பதினான்காவது மணிக்கு மேல் நான் வாய்விட்டுப் பேசுவேன். "சவரி, எந்திரி. சவரி, ரெண்டாவது பொட்டலத்தைப் பிரி." வாரத்துக்குப் பன்னிரண்டு முறை இது. ஒருநாளும் பழகவே இல்லை.

தலை நரைத்தது. பல் இரண்டு போயிற்று. கண்ணாடி வந்தது. செலின் அப்படியே இருந்தாள். பிள்ளை வளர்ந்தாள், பிள்ளை வளரும் வேகத்தில். நான் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலுக்குச் சாமியாருக்கு உதவியாகப் புதிதாக ஒரு உபதேசியார் வந்தார். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார் அல்லவா, அதற்குப் பங்கில் உள்ள பெரியவர்களாகப் பார்த்துப் பெயர் எழுதுவது அவர் வேலை. ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தார், செலின் கதவைத் திறந்தாள். நான் உள்ளே சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்க அப்பா வீட்லதானே இருக்காரு? அவரு பேரையும் எழுதிக்கட்டுமா?"

நான் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் என் வீட்டுக்காரர் என்று செலின் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சவரிநாதன்னு எழுதிக்குங்க" என்றாள்.

அவர் போனபிறகு கேட்டேன். "ஏன் செலின், சொல்லலாம்ல?"

"எத்தனை பேருக்குச் சொல்றது?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

பெரிய வியாழன் சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். "முட்டிக்கு என்ன தைலம் போடுறீங்க?" என்று கேட்டார். நானும் சொன்னேன். அவரும் நானும் கால்மணி நேரம் முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. என் உடம்பு சொல்வதை ஒருவர் புரிந்துகொண்டார். சாமியார் என் வலது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் செலின் நின்றாள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பெண்ணோடு சேர்ந்து கிழவனாவது. நான் அவசரக் குடுக்கையாக முந்திக்கொண்டேன், அவள் பின்னால் தனியாக நிற்கிறாள். அதை அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து செலினிடம் ஒரு மாற்றம். காலையில் அவளே, "சாயங்காலம் வந்ததும் ரோஷினி டீச்சர் விஷயம் ஞாபகப்படுத்துங்க, பேசணும்" என்பாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு வந்து, "டீச்சர் விஷயம் என்னம்மா?" என்று கேட்டால், "எந்த டீச்சர்?" என்று விழிப்பாள். காலையில் போட்ட சண்டையை சாயங்காலம் மறந்துவிடுகிறாள். அரிசியை ஊறப் போட்டதை மறக்கிறாள். காதோரம் நாலைந்து வெள்ளை முடி. முப்பத்துநான்கு வயதில் யாருக்கும் வருவதுதான் என்று சொல்லிக்கொண்டேன். உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று உள்ளூர உதறல். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல உங்க டாக்டரைப் பாருங்க" என்றாள்.

என் டாக்டர் என்று அவள் சொன்னது விமான நிலையத்திலேயே இருக்கும் ஆஸ்பத்திரியை. சுருக்கில் போகிறவர்களை வருடத்துக்கு ஒருமுறை அங்கே பரிசோதிப்பார்கள். அக்டோபரில் ஒரு புதன்கிழமை எனக்கு முறை வந்தது. அன்று பயணம் கிடையாது. டாக்டரம்மா என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஐம்பத்துநாலு வருஷம் எட்டு மாசம். ஐம்பத்தஞ்சு ஆச்சுன்னா ஏத்த மாட்டாங்க, தெரியும்ல?"

"இன்னும் எத்தனை நாள் வரும் டாக்டர்?"

"வெளிக் கணக்குல ஆறு வாரம். அப்புறம் எல்லார் மாதிரியும் உங்களுக்கு நேரம் ஓடும்."

"ஓடினது?"

"அதைத் திருப்ப முடியாதுங்க. நிறுத்தலாம், அவ்வளவுதான்." பேனாவை எடுத்தார். "வீட்ல அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்திநாலு."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நல்ல பெண்மணி.

வெளியே வந்தபோது மணி பதினொன்றே கால். வருகை வாசலில் சுருக்கு ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவார்கள், ஒரு கை சுவரைத் தொட்டபடி வரும், முதலில் அகப்படும் ஆளிடம் எதையாவது பேசுவார்கள். டீக்காரன், போலீஸ்காரர், யாராயிருந்தாலும் சரி. ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கிடந்த வாய் அது.

அந்தக் கூட்டத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு என் மனைவி வந்தாள்.

தோளில் ரோஷினியின் பழைய பள்ளிக்கூடப் பை. தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏன் மறைந்தேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டோக்காரரிடம் போனாள். தெரியாத ஆம்பளையிடம் மணி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். அந்த ஆளிடம் மழை வருமா என்று கேட்டாள், அவர் ஊர் எது என்று கேட்டாள், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அவர் எதையோ சொல்ல, சத்தமாகச் சிரித்தாள். பதில் வர வர அடுத்த கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பசி எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்குப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். ரோஷினி வர நாலு மணி நேரம் இருந்தது. செலின் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்தாள். "இன்னியோட முப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு இருக்கு. நாப்பது தடவை போயிட்டு வந்து காட்டினாத்தான் வேலைக்கு எடுப்பாங்களாம். டிக்கெட் அவங்களே கொடுக்குறாங்க, தனியா இருக்கத் தாங்குவோமான்னு பாக்குறாங்க."

"என்ன வேலை?"

"அங்க ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை. படிச்ச படிப்பு சும்மாத்தானே கெடக்கு. ரோஷினியப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போவேன், அவ வர்றதுக்குள்ள வந்துருவேன். உங்களுக்குத் தெரிஞ்சா விட மாட்டீங்க."

"நிச்சயமா விட மாட்டேன். உள்ள இருந்து பாத்தேல்ல? அது என்னன்னு தெரிஞ்சும் போறியா? நீ எதுக்குடி கெழவி ஆகணும்?"

"நீங்க யாரக் கேட்டுக் கெழவன் ஆனீங்க?"

இந்தக் கேள்விக்கு எந்த அறையிலும் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"உக்காருங்க" என்றாள். அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். எனக்கு ஐம்பத்தஞ்சு ஆக ஏழரை வருஷம். அப்ப உங்களுக்கு அறுபத்தி ரெண்டு நடக்கும். கல்யாணத்துல நமக்கு நாலு வயசு வித்தியாசம். அப்ப ஏழு இருக்கும். ஊர்ல யாருக்கு இல்ல?"

ஏழரை என்றதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். நாங்கள் சனியையெல்லாம் நம்புகிறவர்கள் இல்லை.

"ரோஷினி?" என்றேன்.

"அவளுக்கு அப்பா முழு நாளும் வீட்ல இருப்பீங்க. இதுவரைக்கும் நான் இருந்தேன்."

"நமக்கு ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல வயசாயிட்டா அவ தனியா நிப்பாளே செலின்."

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள். இதையும் யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. யோசித்து, விடை கிடைக்காமல், அப்படியே வைத்திருக்கிறாள்.

"அது தப்புதான்" என்றாள். "எனக்குத் தெரியுது. ஆனா உங்களக் கொண்டுபோய் மண்ணுல வச்சிட்டு, முப்பது வருஷம் நான் ஒருத்தியா இந்த வீட்ல உக்காந்திருக்கணும். அந்த உபதேசியார் கேட்டப்ப எனக்கு அதான் தெரிஞ்சுது. நான் ஒரு கெழவரைப் பாத்துக்கிற பொண்ணாயிட்டேன். எனக்கு உங்க பொண்டாட்டியா இருக்கணும்."

அதற்குப் பிறகும் இரண்டு நாள் தடுத்துப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், சாமியாரிடம் சொல்வேன் என்றுகூட மிரட்டினேன். மசியவில்லை. ஒன்பது வருடம் முன்னால் அவளும் என்னை இப்படித்தான் தடுத்திருக்கிறாள். நான் அப்போது பிள்ளையின் முகத்தைக் காட்டி வாயடைத்துவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் என் பயணம் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவளுடையது தொடங்கியது.

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே ஆட்டோ ஏற்றிவிட்டோம். ரோஷினி அரைத் தூக்கத்தில் கையாட்டினாள். பிறகு படுக்கப் போகாமல் அடுப்பங்கரையில் வந்து மேடை மேல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை.

இப்போது கதவு சாத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவளோடு கூடவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இருபத்தாறு மணியும் எனக்கு மனப்பாடம். முதல் மணி, பையைத் தலைமாட்டில் வைப்பாள், ஜெபம் சொல்வாள். இரண்டாவது மணி, நோட்டு எழுதுவாள். நாலாவது மணி முதல் பொட்டலம். கட்டில் அவளுக்கு நீளம் போதும். ஏழாவது மணியில் தூங்கப் பார்ப்பாள், விளக்கு தூங்க விடாது, துப்பட்டாவை எடுத்துக் கண்ணில் போட்டுக்கொள்வாள். இனி அந்த ஒன்பதாவது மணி, மூச்சு கேட்கிற மணி. அந்த இடத்துக்கு நான் வந்தபோது பால் பொங்கியது. அடுப்பை அணைத்து, வழிந்ததைத் துடைத்து, ரோஷினிக்கு டம்ளரில் ஊற்றினேன்.

"அம்மா இறங்கியிருப்பாங்கப்பா" என்றாள் ரோஷினி.

மணி ஐந்து நாற்பத்தொன்று. அவள் ஒரு பகலும் ஓர் இரவும் தனியாக இருந்து முடித்துவிட்டாள். நான் பால் காய்ச்சினேன்.

போன் அடித்தது.

"ஏங்க" என்றாள். ஒரு நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "வந்து சேந்துட்டேன். நல்லா இருக்கேன். ஏதாவது பேசுங்களேன்."

"பால் பொங்கிடுச்சு" என்றேன்.

"ம். அப்புறம்?"

அப்புறம் என்ன? பதினொரு நிமிடத்தில் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? ஒன்பது வருடமாக நான் இறங்கியதும் வீட்டுக்குக் கூப்பிடுவேன். கால்மணி நேரம் பேசுவாள். எதிர்வீட்டில் கோலம் போட வந்த அம்மாவுக்கும் தண்ணி லாரிக்காரனுக்கும் சண்டை, மாடியில் குரங்கு வந்து வடகத்தை அள்ளிப் போனது, குழந்தை தூக்கத்தில் சிரித்தது, ஒருநாள் வாசலில் பாம்பு. நான் சிங்கப்பூர் வாசலில் நின்று ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடிப்பேன். இதெல்லாம் எப்போது நடந்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அவள் ஒன்பது வருடமும் ஒவ்வொரு விடியலிலும் எனக்காக உட்கார்ந்து கதை யோசித்திருக்கிறாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் செலின்.

"இருக்கேன், இருக்கேன்" என்றேன். "நீ அந்தப் பக்கம் போனியா, இந்தப் பக்கம் நம்ம பேப்பர் போடுறவர் சைக்கிள் எதிர்வீட்டு கேட்ல போய் மோதிடுச்சு. பேப்பர் எல்லாம் சாக்கடையில. அந்தம்மா வெளிய வந்து..."

ரோஷினி டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரியும். என்னைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "நானும் பாத்தேன். அந்தம்மா அவரை என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா?"